எட்ஜ்ஹில் ஆவிகளுக்கு யார் சாட்சி?



'போர்க்களத்து ஆவித் தேடலும் நம்பிக்கையின் எல்லைகளும்' என்பது இந்த மாநாட்டின் பொருள். அமெரிக்கப் போர்க்களமான கெட்டிஸ்பர்க்கின் ஆவிச் சுற்றுலாக்கள், ஆவி தேடுவோர் ஏந்தும் மின்காந்த அளவிகள், ஆவி கண்ட உணர்வுக்குக் காதுக்கெட்டாத 19 ஹெர்ட்ஸ் தாழொலி காரணமாகலாம் என்று விக் டாண்டி 1998-இல் எழுதியது எல்லாம் நீங்கள் அறிந்தவை, அமர்வுகளிலும் வரும். கலிங்கத்துப்பரணியை மட்டும் இதற்குள் இழுக்க வேண்டாம். செயங்கொண்டாரின் பேய்கள் காளியின் பரிவாரம், களத்தில் கூழ் அடுபவை. செத்த வீரனே திரும்பி வந்து போரிடுவது வேறு சங்கதி.

அந்தச் சங்கதிக்கு மூல ஆவணம் ஒன்று உண்டு. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம், படிப்பவர் குறைவு. 1642 அக்டோபர் 23 அன்று இங்கிலாந்தின் எட்ஜ்ஹில்லில் மன்னர் முதலாம் சார்லஸின் படையும் நாடாளுமன்றப் படையும் மோதின. அந்தக் கிறிஸ்துமஸையொட்டி நள்ளிரவில் இடையர்களும் வழிப்போக்கர்களும் அதே போரை வானில் கண்டதாக 1643 ஜனவரியில் ஒரு சிறுநூல் வெளிவந்தது. முதலில் தொலைவில் முரசு, பிறகு சாகிறவர்களின் முனகல், அப்புறம் கொடிகள், துப்பாக்கி வெடி, குதிரைக் கனைப்பு. உள்ளூர் நீதிபதி வில்லியம் வுட்டும் போதகர் சாமுவேல் மார்ஷலும் வந்து பார்த்தார்களாம். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மன்னர் அனுப்பிய கர்னல் லூயிஸ் கிர்க் முதலானோரும் பார்த்து, களத்தில் மாண்ட கொடிதாங்கி சர் எட்மண்ட் வெர்னியின் முகத்தை அடையாளம் கண்டதாகச் சத்தியம் செய்தார்களாம்.

இதை வைத்து, 'அரசே விசாரித்து ஒப்புக்கொண்ட ஆவிகள்' என்று என் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் தொடர்ந்து எழுதிவருகிறார். அவருடைய உழைப்பில் எனக்குக் குறையில்லை, குறை அடிக்குறிப்பில்தான். நூலுக்கு நூல் பின்னோக்கிப் போனால் கடைசியில் அதே சிறுநூலில்தான் வந்து முட்டுகிறோம். அதிகாரிகளின் சத்தியத்துக்கு வேறு சான்றை அவர் இன்றுவரை காட்டவில்லை.

நண்பர் கேட்க மறந்த கேள்வி, அந்தச் சிறுநூல் எங்கே அச்சானது என்பது. நாடாளுமன்றத்தின் பிடியிலிருந்த லண்டனில். அந்தக் குளிர்காலத்தில் சமாதானம் கேட்டு அங்கே மனுக்கள் எழுந்தன. பிப்ரவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் பேச்சுவார்த்தையே தொடங்கியது. சிறுநூலும் சமாதான வேண்டுகோளோடுதான் முடிகிறது. மன்னரின் ஆட்களையே சாட்சிக்கூண்டில் ஏற்றியது, எதிர்த்தரப்பும் மறுக்க முடியாதபடி செய்யத்தான் என்பது என் வாதம்.

'எல்லாம் மூடநம்பிக்கை' என்று தள்ளிவிடும் இளைய நண்பர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. 1643-இன் வாசகர் சாட்சியின் பெயரும் பதவியும் ஊரும் கேட்டார். இன்றைய ஆவித் தேடலுக்கு மின்காந்த அளவியில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கினால் போதும். மண்ணுக்கடியில் மின்கம்பி ஓடினாலும் அது மினுங்கும். சான்று கேட்பதில் யார் கறார்? களத்திலேயே இந்த வேறுபாடு தெரிகிறது. எட்ஜ்ஹில் களத்தின் பெரும்பகுதி இன்று ராணுவ வெடிமருந்துக் கிடங்கின் வேலிக்குள் இருக்கிறது. தொல்லியலாளர் கிளென் ஃபோர்டின் குழு உலோகங்காட்டியோடு தேடி, ஈயக் குண்டுகள் சிதறிய இடங்களைக் கொண்டு படைகள் நின்ற திசையைக் கணித்தது. ஆவி தேடுவோரோ வேலிக்கு வெளியே சாலையோரம் நின்று எந்தப் படைப்பிரிவைப் பார்த்தோம் என்றுகூடச் சொல்லிவிடுகிறார்கள்.

நேரமாகிவிட்டதென்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதல் கட்டுரை என் நண்பருடையது. அந்த அடிக்குறிப்புக்கு இன்றாவது விடை கிடைக்குமா என்று கேட்டு, அவரை மேடைக்கு அழைக்கிறேன்.