கூரை தந்தவன் பெயர் எந்த ஏட்டில்?

(கட்டுமானத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கும்பகோணத்தை மறந்தவர் நம்மில் எவருமிலர். 2004ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள், கீற்றுக் கொட்டகையின் கீழே பாடம் படித்துக்கொண்டிருந்த 94 பிஞ்சுகளைத் தீ தின்றது. பள்ளிகளில் இனிக் கீற்றுக் கூரை கூடாது என்று அரசு ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் கீற்று இறங்கிய இடத்தில் ஏறியது எது? பல இடங்களில் ஏறியது கல்நார்த் தகடு. நம் தெருக்களில் ‘ஆஸ்பெட்டாஸ்’ என்றும் ‘சிமெண்டு சீட்டு’ என்றும் சொல்கிறோமே, அதுதான்.

“காவிரி நீரைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் கூரையைப் பற்றியா பேச்சு?” என்று கடைசி வரிசையில் ஒரு தோழர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. பொறுத்தருள்க, தோழரே. இந்தத் தஞ்சைத் தரணியில் கூரை என்றைக்கும் அரசியலாகவே இருந்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை உள்ளே அடைத்துக் கொளுத்தினார்களே, அது குடிசை! பண்ணையார் மனையில் குடியிருந்தவனுக்கு அந்த மனை சொந்தமாக 1971இல் சட்டம் வரவேண்டியிருந்தது. மனை சொந்தமான பிறகு அவன் கண்ட கனவு எரியாத கூரை. அந்தக் கனவைக் குறை கூற நான் வரவில்லை. கறையான் அரிக்காது, மழையில் அழுகாது, ஆண்டுதோறும் கீற்று மாற்றக் கடன் வாங்க வேண்டாம். ஏழைக்கேற்ற கூரை என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன்.

கல்நார் என்பது பூமிக்குள்ளிருந்து வெட்டியெடுக்கும் கனிமம். கல்லாகவும் இருக்கும், நாராகவும் பிரியும். சிமெண்டோடு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் அந்த நாரைச் சேர்த்துத் தகடாக வார்க்கிறார்கள். தமிழகத்தில் அரக்கோணத்திலும் கோவைப் போத்தனூரிலும் இதற்கென ஆலைகள் எழுந்தன. கூரைமேல் உடையாமல் கிடக்கும்வரை தகடு பெருங்கேடு செய்வதில்லை. வீட்டுக்குள் உறங்குகிறவர்கள் இன்றிரவே அஞ்சி எழுந்தோட வேண்டியதில்லை. ஆனால் அதை அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் காற்றில் ஏறுகின்றன. மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கிய இழை கரைவதில்லை; வெளியேறாமல் தங்கிவிடுவதும் உண்டு. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து அது கணக்குத் தீர்க்கும். நுரையீரல் தழும்பேறி இறுகும் கல்நார் நோய் ஒன்று; நுரையீரல் புற்று மற்றொன்று; நுரையீரலைப் போர்த்திய சவ்வில் எழும் ‘மீசோதீலியோமா’ என்னும் கொடும்புற்று வேறொன்று. இறுகிய நுரையீரலை மீண்டும் இளக்கும் மருந்து இல்லை. எல்லா வகைக் கல்நாரும் மனிதனுக்குப் புற்றுநோய் தரும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் தீர்ப்பளித்துவிட்டது. வெள்ளைக் கல்நாருக்கும் அதில் விலக்கில்லை.

சென்ற கோடையில் திருத்துறைப்பூண்டிச் சாலையோரம் ஒரு காட்சி கண்டேன். புதுக் கொட்டகைக்குத் தகடு அளவெடுத்து, மின்சார அறுப்பு இயந்திரத்தால் ஓர் இளைஞன் அறுத்துக்கொண்டிருந்தான். தலைமயிர், இமை, தோளில் கிடந்த துண்டு எல்லாம் வெள்ளை. மாவு மில்லில் நின்றவன் போலிருந்தான். ஒரு சித்தாள் அம்மையார் கீழே விழுந்த தூளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். “தம்பி, இது என்ன தூசு தெரியுமா?” என்றேன். “சிமெண்டுத் தூசுதாங்க ஐயா. குளிச்சா போயிடும்” என்றான்.

குளித்தால் போய்விடும்! இந்த ஒரு சொல்லுக்காகத்தான், தோழர்களே, இன்று இந்த மேடை ஏறினேன்.

அந்தத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை. உலகுக்குத் தெரியாதா? நூறாண்டாகத் தெரியும். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா என்னும் பெண் தொழிலாளி 1924இல் மாண்டார். ஆலை நிர்வாகம் இழப்பீடு தர மறுத்தது. அவர் நுரையீரலை ஆராய்ந்த மருத்துவர் குக் உண்மையை எழுதினார். 1931இல் அந்நாட்டில் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 1960இல் வாக்னரும் தோழர்களும் தென்னாப்பிரிக்கக் கல்நார் வட்டாரத்திலிருந்து 33 மீசோதீலியோமா நோயாளரைப் பற்றி அறிவித்தனர். 1965இல் இலண்டனில் நியூஹவுசும் தாம்சனும் ஆராய்ந்தபோது, ஆலைக்குள் காலே வைக்காத பெண்களும் அந்நோயால் மாண்டிருந்தது தெரிந்தது. தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்ததே அவர்கள் செய்த குற்றம். அவன் உடையில் ஒட்டிவந்த தூசு அவர்களையும் கொன்றது. திருத்துறைப்பூண்டித் தம்பியின் துண்டை அன்று மாலை துவைத்தவர் யார் என்று எண்ணிப் பாருங்கள்.

கனடா நாட்டில் ‘ஆஸ்பெஸ்டாஸ்’ என்றே ஓர் ஊருக்குப் பெயர். தன் கட்டிடங்களிலிருந்து கல்நாரைப் பிய்த்தெறிந்துகொண்டே இந்தியாவுக்குக் கப்பலேற்றிய நாடு அது. 2018இல் தடை விதித்தது. 2020இல் அந்த ஊரார் பெயரையே மாற்றிக்கொண்டனர். பிரேசிலின் உச்சநீதிமன்றம் 2017இல் தடுத்தது. ஆயினும் ஏற்றுமதிக்கென்று சுரங்கம் ஓடியது. தன் மக்களுக்கு ஆகாதது நமக்கு ஆகும் போலும்! இலங்கை தடைசெய்ய முனைந்த கதை இன்னும் கசப்பானது. 2017 இறுதியில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்தது என்று கூறி ருசியா இலங்கைத் தேயிலையைத் தடுத்தது. கல்நார்த் தடையை இலங்கை தள்ளிவைத்தது. தேயிலைக்குக் கதவு திறந்தது. மலையகத் தமிழன் பறித்த கொழுந்தைப் பணயமாக வைத்து நடந்த பேரம் அது. இன்று உலகிலேயே மிகுதியாகக் கல்நாரை இறக்குமதி செய்யும் நாடு நம் நாடு.

நம் நாட்டில் சட்டம் பேசவே இல்லையா? பேசியது. 1995 சனவரி 27 அன்று உச்சநீதிமன்றம், அகமதாபாத் நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் தொடுத்த வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அவனது வாழ்வுரிமையின் கூறு என்று தீர்ப்புரைத்தது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டு, அல்லது வேலை நீங்கியபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. நோய்ப்பட்டவருக்கு ஓர் இலட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. நாற்பது ஆண்டு எதற்கு? நோய் மெல்ல வரும், ஏடு மறைந்தால் உரிமையும் மறையும் என்பதை நீதிமன்றம் அறிந்திருந்தது.

ஆனால் அந்த ஏடு ஆலை வாயிலோடு நின்றுவிட்டது. குடவாசலிலும் மன்னார்குடியிலும் நாட்கூலிக்குத் தகடு அறுக்கிறவனுக்கு ஏடு எங்கே? இன்று அரிசி ஆலைக் கொட்டகை, நாளை மாட்டுக் கொட்டகை, மறுநாள் ஊர் தாண்டி மண்டபம். முதலாளி ஒருவனல்லன், மேஸ்திரியும் ஒருவனல்லன். ஐம்பது வயதில் அவன் மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போனால் முதற் கேள்வி “பீடி குடிப்பாயா?” என்பதே. காசநோய் என்று எழுதி மருந்து கொடுப்பதும் உண்டு. பீடியும் கல்நாரும் கூடினால் புற்று அபாயம் பன்மடங்காகும் என்பது உண்மை. அதனாலேயே கல்நாரை விட்டுவிட்டுப் பீடிமேல் மட்டும் பழியைப் போடுவது எளிதாகிறது. “தகடு அறுத்தாயா? எத்தனை ஆண்டு?” என்ற கேள்வி எழுவதே அரிது.

சாணிப்பாலும் சவுக்கடியும் ஊரறிந்த கொடுமைகள். அடித்தவன் பெயர் தெரிந்தது. ஆகவே சீனிவாசராவ் போன்ற தலைவர்கள் ஆள் திரட்டி எதிர்த்து நிற்க முடிந்தது. இந்தக் கொடுமையில் சவுக்கு விழுவது இன்று. தழும்பு தெரிவது நாற்பது ஆண்டு கழித்து.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் கரையேறியதை நினைவுகூருங்கள். தென்னை சாய்ந்தது போலவே தகடுகளும் பறந்து நொறுங்கின. நொறுங்கியதை வெறுங்கையால் அள்ளியவர்கள் நம் தோழர்கள். நல்ல உள்ளத்தோடுதான் அள்ளினோம். முகத்தில் கட்டியது ஈரமில்லாத் துண்டு. அந்த நெசவிடுக்கில் நுண்ணிழை தடையின்றிப் புகும். இனியொரு புயல் வராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆகவே சில செய்திகளைக் கிளைதோறும் சொல்லுங்கள். கல்நார் வேண்டாம் என்பதே நம் கோரிக்கை. நாட்டோடும் தளமும் கல்நாரற்ற தகடும் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்க அரசு உதவ வேண்டும். அதுவரை, உலர்ந்த தகட்டை இயந்திரத்தால் அறுக்க மறுக்க வேண்டும். நீர் ஊற்றி நனைத்துக் கைவாளால் அறுக்கட்டும்; அதற்காகும் கூடுதல் நேரத்துக்குக் கூலியைக் கேட்டு வாங்குங்கள். பழைய கூரையைப் பிரிக்கையில் தள்ளி உடைக்காமல், கொக்கி கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். தூளைக் கூட்டாதீர்கள், நனைத்துத் துடையுங்கள். நுண்துகள் தடுக்கும் முகக்கவசத்தை வேலை கொடுப்பவர் தர வேண்டும். வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

இன்னொன்று, ஏடு. ஆலைக்கு நீதிமன்றம் சொன்னதை நமக்கு நாமே செய்துகொள்வோம். ஒவ்வொரு கிளையும் ஒரு கெட்டி அட்டைக் குறிப்பேடு வாங்கட்டும். பெயர், வயது, கல்நார் வேலை தொடங்கிய ஆண்டு, எந்தெந்த ஊர், அறுத்ததா, துளையிட்டதா, பிரித்ததா, இடிபாடு அள்ளியதா, மனைவி மக்கள் யார் யார், எல்லாம் அதில் ஏற வேண்டும். சித்தாள் பெண்களின் பெயர் விடுபடக் கூடாது. முதலில் விடுபடுவது அதுவே. 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்தவராயின் அந்த எண்ணும் ஏறட்டும். ஒரு படி கிளையில், மறு படி ஒன்றிய அலுவலகத்தில். அடுத்த ஞாயிறு குறிப்பேட்டோடு வாருங்கள். திருத்துறைப்பூண்டிச் சாலையில் கண்ட அந்தத் தம்பியின் பெயரை நான் கேட்டு வைத்திருக்கிறேன். முதல் வரியில் அதை எழுதுவோம்.