இசைத்தட்டின் அட்டையில் யார்?



அண்ணனின் நினைவு நாளில் எதைப் பற்றிப் பேசுவது என்று நாங்கள் கூடியபோது பஞ்சமி நிலம், ஆணவக்கொலை, உயர்கல்வியில் இட ஒதுக்கீடு என்று வழக்கமான பட்டியல்தான் முன்னால் இருந்தது. எல்லாம் பேச வேண்டியவைதான். ஆனால் அவர் வீட்டிலிருந்து நம் அமைப்புக்கு வந்த தகரப் பெட்டியைத் திறந்த பிறகு முடிவு மாறிவிட்டது. நினைவுச் சொற்பொழிவுக்கு இசைத்தட்டு அட்டை ஒரு பொருளா என்று இங்கே சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது நம்முடைய ஒரு வேலையில் வந்து முடியும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். மூர் மார்க்கெட்டின் பழைய கடைகளில் ஐரோப்பியச் செவ்வியல் இசைத்தட்டுகளை எடைக்கு வாங்குவதுபோல வாங்கி வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. இசை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் ஒன்றை எடுத்துப் போடுவார். இசை பிடிபடாத நாங்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். பீத்தோவன் என்று போட்டிருக்கும். படத்தில் ஓர் ஏரி, பின்னால் பனிமலை. அடுத்ததில் இடிந்த கோட்டை. அதற்கடுத்ததில் இலையுதிர்காலக் காடு. எதிலும் ஆள் நடமாட்டம் கிடையாது. ஆள் இருந்தால் அவர் இசை நடத்துநராக இருப்பார். கரயான் கண்ணை மூடிக்கொண்டு அட்டை முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்பார். "பாட்டு எழுதினவன் எறும்பு அளவு, கோல் பிடிச்சவன் யானை அளவு" என்பார் அண்ணன்.

அட்டைப்படம் என்பதே பிற்பாடு வந்த சங்கதி. பழைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 4 நிமிட இசைதான் கொள்ளும். ஒரு சிம்பொனிக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம்போலத் தைத்து விற்றார்கள். 'ஆல்பம்' என்ற பெயர் அங்கிருந்துதான் வருகிறது. மேலே பழுப்பு அல்லது சாம்பல் நிற அட்டை, அதில் எழுத்து மட்டும். கல்லறைக் கற்கள் என்றே அவற்றுக்குப் பெயர். 1939இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர்தான், இந்தக் கல்லறைக் கற்களை யார் வாங்குவார்கள் என்று கேட்டு, அட்டையில் ஓவியம் போட நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபோது அதன் உறையை வடிவமைத்தவரும் அவரே.

அவருடைய ஓர் அட்டையை மட்டும் சொல்லிவிட்டு மேலே போகிறோம். அது செவ்வியல் இசை அல்ல, பூகி-வூகி. 1940களின் தொடக்கம். ஒரு பியானோவின் கட்டைகள்மேல் இரண்டு பெரிய கைகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. அப்போது அமெரிக்காவில் போர்வீரர்களுக்காகச் சேகரித்த இரத்தத்தையே கறுப்பர் இரத்தம், வெள்ளையர் இரத்தம் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். இரட்டைக் குவளை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் அப்படி ஓர் அட்டை பெரிய விஷயம்தான். ஆனாலும் அதில் இருப்பவை கைகள். முகம் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஏன் மலையும் ஏரியும்? ஒரு காரணம் எளிது. பழைய ஓவியத்துக்குக் காப்புரிமைப் பணம் இல்லை. செத்துப்போன இசையமைப்பாளரைப் படம் எடுக்கவும் முடியாது. இன்னொரு காரணத்தைச் சமூகவியல் படித்த நாங்கள் சொல்லாமல் இருக்க முடியாது. ஆளில்லாத மலையைப் பார்க்கிறவனுக்கு, இந்த இசை அந்த மலையிலிருந்தே ஊறி வந்ததுபோல ஒரு எண்ணம் வரும். யாரும் கூலி வாங்கவில்லை, யாரும் கையேந்தவில்லை, யாரும் விரட்டப்படவில்லை. 1970களில் வெஸ்ட்மின்ஸ்டர் கோல்ட் என்ற வரிசையில் இதற்கு நேர்மாறாகக் கோமாளித்தனமான புகைப்படங்களைப் போட்டார்கள். ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அந்த அட்டைகள் அசிங்கம்தான். ஆனால் அசிங்கம் என்று சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் பிரெஞ்சு அறிஞர் பியர் பூர்தியூ ரசனை பற்றிய தன் நூலில் இதைத்தான் கேட்டார். எதைப் படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று மக்களிடம் கேட்டார். படிப்பு குறைந்தவர்கள் சூரிய அஸ்தமனம் என்றார்கள். படித்தவர்களுக்கு அது சலித்துப்போன அழகு. முட்டைக்கோசைக்கூட அழகாக எடுக்கலாம் என்றார்கள் அவர்கள். ரசனை வர்க்கத்தோடு வருகிறது.

அண்ணனின் பெட்டியில் எங்களை நிறுத்தியது அழகான ஓர் அட்டைதான். பீத்தோவனின் ஒன்பதாவது வயலின் சொனாட்டா. பெரிய எழுத்தில் 'க்ராய்ட்சர்' என்று இருந்தது. யார் இந்த க்ராய்ட்சர்? அந்தப் படைப்பு காணிக்கையாக்கப்பட்ட பிரெஞ்சு வயலின் கலைஞர். அவர் அதை மேடையில் ஒருநாளும் வாசிக்கவில்லை. 1803 மே மாதம் வியன்னாவில் பீத்தோவன் பியானோவில் இருக்க, முதன்முதலில் வாசித்தவர் ஜார்ஜ் பிரிட்ஜ்டவர். அவருடைய தந்தை கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பர். பீத்தோவன் முதலில் அவருக்குத்தான் அதைக் காணிக்கையாக்கியிருந்தார். பிறகு இருவருக்கும் சச்சரவு, பெயரை அடித்துவிட்டார். வாசித்தவன் பெயர் போய், வாசிக்காதவன் பெயர் நின்றுவிட்டது. டால்ஸ்டாய் அந்தப் பெயரிலேயே குறுநாவல் எழுதினார். அட்டைகள் அதையே திருப்பித் திருப்பி அச்சடிக்கின்றன. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை, அடுத்த அட்டைக்கு முந்தைய அட்டையைப் பார்த்து எழுதினால் போதும்.

பெயர் போன கதை இது. முகம் கிடைத்தும் பறிபோன கதை ஒன்று உண்டு. எங்கள் மாணவத் தோழர் ஒருவர் பிரிட்ஜ்டவரைத் தேடப் போய் ஜோசப் போலோனைக் கண்டுபிடித்தார். செவாலியே டி சான்-ஜார்ஜ் என்ற பெயரில் அறியப்பட்டவர். 1745இல் குவாதலூப் தீவில் பிறந்தார். தந்தை தோட்ட முதலாளி, தாய் நானோன் அடிமைப் பெண். பாரிசில் வளர்ந்து அந்நகரின் முதன்மையான வயலின் கலைஞர்களில் ஒருவரானார். 1773இலிருந்து பெரிய இசைக்குழு ஒன்றை நடத்தினார். ஹேடனின் 'பாரிஸ் சிம்பொனிகள்' எழுதப்பட்டது அவர் வழிநடத்திய இன்னொரு குழுவுக்காக. 1776இல் பாரிஸ் ஓப்ராவின் தலைமைக்கு அவர் பெயர் வந்தது. அங்கிருந்த முன்னணி நடிகைகளும் பாடகிகளும் அரசியிடம் மனு கொடுத்தார்கள். கலப்பு நிறத்தவன் ஒருவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிவது தங்கள் மானத்துக்கு இழுக்கு என்றார்கள். பதவி கிடைக்கவில்லை. பட்டியல் சாதிப் பெண் சமைத்தால் சாப்பிடமாட்டோம் என்று சத்துணவுக் கூடத்தின் முன்னால் திரளும் கூட்டம் நம் கண்ணுக்குப் புதிதல்ல.

அவர் இசை இன்று குறுந்தகடுகளில் கிடைக்கிறது. பலவற்றின் அட்டையில் ஒரே படம்தான். 1787இல் லண்டனில் மேதர் பிரவுன் வரைந்தது, மறு ஆண்டு வில்லியம் வார்ட் அச்சோவியமாகப் பரப்பியது. அதில் அவர் கையில் வயலின் இல்லை, வாள் இருக்கிறது. அவர் தேர்ந்த வாள்வீச்சு வீரர் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பது வயலின் கான்செர்ட்டோ! விவரம் தெரியாதவர் அந்த அட்டையை எடுத்தால் யாரோ படைத்தளபதி என்றுதான் நினைப்பார். அதோடு 'கறுப்பு மொசார்ட்' என்ற பட்டம் வேறு. அப்படியே தலைப்பிட்ட வட்டும் உண்டு. மொசார்ட்டைவிட 10 வயது மூத்தவர் இவர். மொசார்ட்டை யாரும் வெள்ளை சான்-ஜார்ஜ் என்று சொல்வதில்லை.

பெட்டியின் அடியில் கர்நாடக இசைக் கேசட்டுகளும் இருந்தன. இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லோரும் பார்த்தவைதான். பட்டுப் புடவை, குத்துவிளக்கு, பின்னால் சாமி. பாடகருக்குப் பக்கத்தில் மிருதங்கக்காரரின் முழங்கை மட்டும் தெரியும், மீதியை வெட்டியிருப்பார்கள். அந்த மிருதங்கத்தைச் செய்தவருக்கு முழங்கையும் கிடையாது. பலாக் கட்டையில் பசு, ஆடு, எருமைத் தோலை இழுத்துக் கட்டி, சுருதிக்கு வரும்வரை தட்டித் தட்டிப் பார்க்கிற காது அவருடையது. அந்தக் காது இல்லாமல் கச்சேரி இல்லை. பாலக்காடு மணி அய்யருக்குச் செய்துகொடுத்த பர்லாந்துவையும் அவர் தந்தை செபாஸ்டியனையும் எத்தனை பேருக்குத் தெரியும்? டி.எம்.கிருஷ்ணா அந்தக் குடும்பத்தைப் பற்றி 2020இல் புத்தகம் எழுதியபோது, வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்ட நிறுவனம் கடைசியில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மாட்டுத்தோல் மேடைக்கு வரலாம். அதைப் பற்றிய புத்தகம் அங்கே வரக் கூடாது.

இனி நம் வேலைக்கு வருகிறோம். ஆறு பெரியவர்களின் பறை அடவுகளைக் கடந்த இரண்டு ஆண்டுகளாகப் பதிவு செய்தோம். அண்ணன் தொடங்கி வைத்த வேலை அது. பதிவு முடிந்தது. அட்டைக்கு ஓவியத் தோழர் ஒருவரிடம் சொன்னோம். சிவப்புப் பின்னணி, தீ நாக்குகள், நடுவில் பறையோடு பாய்கிற ஒரு கறுப்பு நிழலுருவம். எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. கைதட்டினோம். மேலே சொன்ன மாணவத் தோழர்தான் ஓரமாக இருந்து கேட்டார்: "தோழர், இதில் இருப்பது யார்?"

யாருமில்லை. ஆறு பேரில் பாயக்கூடிய ஆள் ஒருவர்கூட இல்லை. ஒருவருக்கு மூட்டுவலி, உட்கார்ந்துதான் வாசித்தார். ஒருவர் கண்ணாடி போட்டிருப்பார், வாசிக்கும்போது அது நழுவும், தோளால் மேலே தள்ளிக்கொள்வார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சும்போது மூன்று பேரும் மூன்று மாதிரி சண்டை போடுவார்கள். இந்த மனிதர்களை அழித்துவிட்டுப் போர்க்குணம் என்று ஒரு நிழலை வைத்திருந்தோம். மேதர் பிரவுன் கொடுத்த வாளைத்தான் நாங்களும் கொடுத்திருந்தோம், எங்களுடையது சிவப்பு, அவ்வளவுதான்.

சரி, ஆறு பேரின் முகமும் பெயரும் அட்டையில் வரும் என்று முடிவெடுத்து, ஊர் ஊராகப் போய்ச் சொன்னோம். ஐந்து பேர் சம்மதித்தார்கள். ஒருவர் தன் பெயருக்கு முன்னால் 'கலைமாமணி' போடச் சொன்னார். விருது வரவில்லையே என்றோம். "வரும்" என்றார். ஆறாவது பெரியவர்தான் மறுத்தார். "தம்பி, சத்தம் இருக்கட்டும். படம் வேணாம், பேரும் வேணாம்." அவர் மகன் பெருநகரில் ஒரு நிறுவனத்தில் இருக்கிறான். வாடகை வீட்டுக்காரரிடம் சாதியை மாற்றிச் சொல்லித்தான் வீடு கிடைத்திருக்கிறது. பேத்தி அந்தத் தெருப் பள்ளியில் படிக்கிறாள்.

நாங்கள் என்ன சொல்வது? மறைப்பதும் ஒடுக்குமுறைதான் என்று மேடையில் பேசுவது எங்களுக்கு எளிது. வாடகை வீட்டைக் காலி செய்யப்போவது நாங்கள் அல்ல. அமைப்புக்குள் இரண்டு கருத்து இருக்கிறது, இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குள்ளும் இருக்கும். ஐந்து முகத்தைப் போட்டு ஆறாவதை வெற்றிடமாக விடலாம் என்றார் ஒருவர். ஆறையும் விட்டுவிட்டுப் பழைய கல்லறைக் கல்போல எழுத்து மட்டும் போடலாம் என்றார் இன்னொருவர். சம்மதித்த ஐந்து பேருக்கு அது என்ன நியாயம்?

இதைக் கேட்டுவிட்டுப் பெரியவரே ஒரு வழி சொன்னார். "வேணும்னா கையை மட்டும் எடுத்துக்கங்க." ஸ்டைன்வைஸ் வரைந்த அந்த இரண்டு கைகள் எங்களுக்கு நினைவு வந்தன, வாய் திறக்கவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். அவருடைய இடக்கையில் ஒரு விரல் பாதிதான் இருக்கும், கரும்பு ஆலையில் போனது. "அந்தக் கையை யாருக்குத் தெரியாது? புள்ளைய பார்க்க வர்ற ஊர்க்காரன் ஒருத்தன் கண்ணுல பட்டா போதும்" என்றார். பெரியவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. கையை வேட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அட்டை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. வரும் ஞாயிறு மறுபடியும் அந்த வீட்டுக்குப் போகிறோம். மகனும் அன்றைக்கு ஊருக்கு வருகிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். கூட வர விரும்பும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.