காரின் தரையும் மூன்று சோதனைக் குழாய்களும்



முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் ஆண்டுதோறும் ஒரு சோதனையைச் செய்து காட்டியவன் நான். மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று இரும்பு ஆணிகள். ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. அங்கே காற்று உண்டு, நீர் இல்லை. மற்றொன்றில் கொதிக்கவைத்த நீரும் அதன்மேல் எண்ணெய்ப் படலமும். அங்கே நீர் உண்டு, காற்று இல்லை. மூன்றாவதில் நீரும் காற்றும் உண்டு. ஒரு வாரம் சென்று பார்த்தால் மூன்றாம் குழாயின் ஆணி மட்டும் துருவேறியிருக்கும். நீங்களும் இதன் படத்தை வரைந்து மதிப்பெண் பெற்றிருப்பீர்கள். ஆனால் இதைக் கற்பித்த நான், என் வீட்டு வாயிலில் நின்ற காரே அந்த மூன்றாம் குழாயாக இருந்ததை அறியாதிருந்தேன்.

அது 1982-ஆம் ஆண்டு அம்பாசடர் கார். என் தந்தையார் வாங்கியது. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்டு வந்த வண்டி. 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கியபோது, முடிச்சூரில் எங்கள் தெருவிலும் நீர் புகுந்தது. காரின் இருக்கை வரை நீர் நின்றது. வெள்ளம் வடிந்ததும் என்ஜின் எண்ணெயை மாற்றினோம். இருக்கைகளை வெயிலில் காயவைத்தோம். ரப்பர் விரிப்பையும் உலர்த்தினோம். ஆனால் அதன் அடியில் தரையோடு ஒட்டிக் கிடந்த சணல் மெத்தையை எடுக்கவில்லை. மேலே தொட்டால் உலர்ந்திருந்தது. அத்துடன் மனம் அமைதி அடைந்துவிட்டது.

இரண்டு ஆண்டுகளில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் சிறு துளை ஒன்று தோன்றியது. ஒரு பட்டறையில் விட்டேன். எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரத்தைத் துருவின் மேலேயே வைத்து ரிவெட் அடித்துத் தாரைப் பூசி, அரை நாளில் தந்துவிட்டார்கள். வேலை விரைவாகவும் மலிவாகவும் முடிந்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆகையால் குற்றம் முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்த மாட்டேன்.

பிறகு ஒருநாள் என் பேத்தி முன்னிருக்கையில் ஏறிக் கால் ஊன்றினாள். "தாத்தா, கீழே ரோடு தெரியுது!" என்றாள். அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு உடல் நடுங்கிற்று.

ஏன் நடுங்க வேண்டும்? தரையில் ஓட்டை விழுந்தால் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். லாரியில் அது ஓரளவு பொருந்தும். அங்கே தனியாக ஓர் இரும்புச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கிறது. அம்பாசடரில் அவ்வாறு தனிச் சட்டம் இல்லை. தரை, பக்கப் படிகள், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, ஒரு பெட்டியைப் போல நின்று பாரம் தாங்குகின்றன. முன் சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளும் தரைக்கு அடியில் பின்னோக்கி ஓடி ஒரு குறுக்குச் சட்டத்தில் பிணைந்துள்ளன. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்தத் தகடுதான் இருக்கையையும் பிடித்திருக்கிறது. இருக்கையில் என் பேத்தி இருந்தாள்.

டிங்கர் வேலையில் முதிர்ந்த மேஸ்திரி ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றேன். அவர் விரிப்பையும் மெத்தையையும் களைந்து எறிந்துவிட்டு, திருப்புளியின் பிடியால் தரையை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். "நல்ல தகடு கணீர்னு சொல்லும் ஐயா, கெட்ட தகடு பேசாது," என்றார். பேசாத இடங்களில் திருப்புளியின் முனை உள்ளே இறங்கிற்று. உள்ளங்கை அளவு என்று நான் நினைத்திருந்த நோய், கதவின் அடிப்படி வரை பரவியிருந்தது. குறுக்குச் சட்டம் மட்டும் நல்ல வேளையாகக் கணீரென்று ஒலித்தது. அதுவும் கெட்டிருந்தால், முறுக்குக் கம்பிகளைத் தளர்த்திய பின்னரே தரையில் கை வைத்திருக்க முடியும்.

பழைய தகரத்தைப் பெயர்த்தபோது அதன் அடியில் துரு அடுக்கடுக்காக உப்பிக் கிடந்தது. இங்கே சிறிது வேதியியல் சொல்ல இடம் கொடுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே இரு தகடுகளுக்கு நடுவே ஆப்புப் போல் புகுந்து அவற்றைப் பிரிக்கிறது. இன்னொன்று, நம் சோதனைக் குழாய் காட்டாதது. குறுகிய இடுக்கில் நீர் தேங்கினால், உள்ளே ஆக்சிஜன் குறைந்தும் வெளியே மிகுந்தும் இருக்கும். அப்போது அரிப்பு நடப்பது ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில்தான்! மூடிய இடம் பாதுகாப்பான இடம் என்று நாம் எண்ணுகிறோம். இரும்பின் கணக்கு வேறு. தகரத்தின்மேல் உள்ள வெள்ளீயப் பூச்சும் உதவவில்லை. பூச்சில் கீறல் விழுந்தால் இரும்பே முதலில் அரிபடும். துத்தநாகமோ இதற்கு நேர்மாறு. தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

மேஸ்திரி உடனே வெட்டத் தொடங்கவில்லை. பேட்டரியைக் கழற்றினார், பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் விலக்கினார், வாளியில் நீரும் மணலும் வைத்து, தீப்பொறியைக் கவனிக்க ஒரு பையனை அமர்த்தினார். ஜாக்கியை நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை நிறுத்தினார். பிறகு கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தார். தரையை வெட்டியதும் உடல் தொய்ந்துவிட்டால் கதவு மூடாது. புதுத் தரையும் கோணலாகவே அமையும்.

துரு முடிந்த இடத்தில் வெட்டாமல், பளபளக்கும் நல்ல இரும்பு தெரியும் வரை தள்ளி வெட்டினார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. "இவ்வளவு வேண்டுமா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெட்டிய துண்டைத் திருப்பி அதன் அடிப்புறத்தைக் காட்டினார். நான் வாய் மூடிக்கொண்டேன். அட்டையில் அச்சு எடுத்துப் புதுத் தகடு வெட்டி, அதில் பழைய தரையில் இருந்தது போன்ற வரிப்பள்ளங்களையும் தட்டி அமைத்தார். அவை அலங்காரம் அல்ல. மெல்லிய தகடு அதிராமலும் வளையாமலும் நிற்பது அவற்றால்தான். ஒன்றன்மேல் ஒன்று படியும் விளிம்புகளில் துத்தநாகம் கலந்த பூச்சு. பின்னர் கரியமில வாயு சூழப் பற்றவைக்கும் முறையில் ஒரு புள்ளி இங்கே, அடுத்த புள்ளி எதிர்மூலையில் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒரே கோடாக இழுத்தால் சூட்டில் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். இடையிடையே ஆறவும் விட்டார்.

இவ்வாறு ஒன்பது நாட்கள் சென்றன. மூட்டுகளை அடைத்து, மேலும் கீழும் வண்ணம் பூசி, அடியில் காப்புப் பூச்சும் இட்ட பின், வடிகால் துளைகளைத் திறந்துவிட்டு அவற்றுக்குப் புது ரப்பர் மூடிகளும் போட்டார். குறுக்குக் குழாய்களை அறுத்து எடுத்ததும் நான்கு கதவுகளையும் மூடிப் பார்த்தோம், சரியாக மூடின.

விரிப்பைப் போடலாமா என்று கேட்டேன். பொறுக்கச் சொல்லிவிட்டு, முன் கண்ணாடியின்மேல் ஒரு குடம் நீரை மெல்ல ஊற்றச் செய்தார். புதுத் தரையில் தலையை வைத்துப் படுத்து, விளக்கைப் பிடித்து மேலே நோக்கினார். கண்ணாடியின் இடது மூலையில், வெடித்துப்போன ரப்பர் பட்டையின் வழியாக ஒரு சொட்டு இறங்கியது. பின்னர் இன்னொன்று. வெள்ளம் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மழையிலும் அது இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அந்த ரப்பர் பட்டையை வாங்க மறுநாள் காலை நானே புதுப்பேட்டைக்குப் புறப்பட்டேன்.