கணவாயின் இருபுறமும்



ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் சாமளாபுரத்துத் தெருக்களில் புழுதியை வாரி இறைக்கும் காற்று பாலக்காட்டுக் கணவாயின் வழியே வருவது. தறியோசை கேட்கும் எங்கள் ஊருக்கும் உயர்மலைப் பறவைகளுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவீர்கள். அக்கணவாயே தொடர்பு.

அதன் வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலையும் பழனிமலையும். இருபுறமும் 2,600 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் உண்டு. உச்சிப் புல்வெளிகளினிடையே, நீரோடும் மடிப்புகளில், குட்டை மரங்கள் அடர்ந்து நிற்கும் காடுகளே சோலைகள். சிரிப்பான், கருப்பும் செம்மஞ்சளுமான ஈப்பிடிப்பான், நீலகிரிக் காட்டுப்புறா முதலியன அங்கு வாழ்கின்றன. தென்னிந்திய மலைகளன்றி உலகில் வேறெங்கும் இவற்றைக் காண இயலாது.

ஆசிரியப் பணியில் நான் செய்த பிழை ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். ஓராண்டு மாணவர்களை உதகைக்கும், மறு ஆண்டு கோடைக்கானலுக்கும் அழைத்துச் சென்றேன். சோலையின் நிழலில் தாழத் திரியும் நீலநிறச் சிறு பறவை ஒன்றை இரண்டிடத்தும் கண்டோம். "ஐயா, அங்கே வயிற்றோரம் செம்பழுப்பு, இங்கே வயிறு வெண்மை. இவை வேறு பறவைகள் அல்லவா?" என்றான் ஒரு மாணவன். நான் கற்ற நூல் ஒன்றே என்றது; நானும் அவ்வாறே கூறி அவனை அமர்த்தினேன்.

அவன் கண்டதே உண்மை. தாழ்ந்த கணவாயின் வெப்பத்தைக் கடக்க இயலாத அப்பறவைகள், மிகப் பழங்காலத்திலேயே பிரிந்து வெவ்வேறு இனங்களாயின என்பதை மரபணு ஆய்வு காட்டியது. 2017ஆம் ஆண்டில் அவற்றுக்கெனத் தனிப் பேரினமே வகுத்து, ஷோலிகோலா எனப் பெயரிட்டனர். நம் 'சோலை' என்னும் சொல் அப்பெயரில் வாழ்கிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மூன்றாம் இனம் ஒன்றும் அதே ஆண்டில் அறியப்பட்டது.

இதனால் விளங்குவது யாது? நீலகிரிப் பறவை அழிந்தால், பழனிமலைப் பறவை பறந்து வந்து அவ்விடத்தை நிரப்பாது. தேயிலையும் தைலமரமும் சீகையும் பரவியதால் புல்வெளிகளும் சோலைகளும் பெரிதும் சுருங்கிவிட்டன. தொலைவிலிருந்து நோக்கினால் எல்லாம் பசுமையே. ஆயினும் பசுமையெல்லாம் சோலையாகாது. மழைநீரைப் பஞ்சுபோல் ஏற்று மெல்ல விடுவதும் இச்சோலைகளே. வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யலின் கரையில் வாழும் நமக்கு, மலையின் நலம் அயலார் செய்தியன்று.

ஆகவே, மாணவர்களே, நூலைப் படியுங்கள், கண்ணையும் நம்புங்கள். இரண்டும் மாறுபட்டால் துணிந்து கேளுங்கள். அன்று அம்மாணவனை அமர்த்தியதற்கு நான் இன்றும் வருந்துகிறேன்.