காற்றுத் தொட்டியும் மின் கட்டணமும்



சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தா நெடுஞ்சாலையில் செல்வோர், ஆந்திர எல்லையை அடையுமுன் கும்மிடிப்பூண்டியைக் காண்பர். திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் பல சிறு தொழிற்கூடங்களும் உள்ளன. இத்தகைய கூடங்களில் கம்ப்ரசர் என்னும் காற்றமுக்கும் பொறி இல்லாத இடம் அரிது. வர்ணம் தெளிக்கவும் திருகாணி முடுக்கவும் அமுக்கிய காற்றே வேலையாள். அந்த வேலையாளுக்கு நாம் கொடுக்கும் கூலி எங்கே போகிறது என்பதே இன்றைய பேச்சு.

கம்ப்ரசர் நின்று, தொட்டியும் ஆறிவிட்டது என்று கொள்வோம். உள்ளே வெளிக்காற்றைப்போல் எட்டு மடங்கு அழுத்தம். தொட்டியிலுள்ள ஒரு மோல் காற்றின் அக ஆற்றல், வெளியிலுள்ள ஒரு மோல் காற்றைவிட எவ்வளவு அதிகம்? மிக அதிகம் என்றே பலரும் கூறுவர், மின்சாரம் செலவாகியிருக்கிறதே! உண்மையில் அது அதிகமே இல்லை எனலாம்.

நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை. ஆதலால் அவை நெருங்கி நின்றாலும் விலகி நின்றாலும் அக ஆற்றல் மாறாது. அது வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. இந்த அழுத்தத்தில் காற்றும் ஏறக்குறைய அவ்வாறே நடந்துகொள்கிறது. 1845இல் ஜேம்ஸ் ஜூல் இதனைச் சோதித்தார். இரு செப்புக் கலங்களுள் ஒன்றில் சுமார் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்றை அடைத்து, மற்றதை வெற்றிடமாக்கி, இரண்டையும் நீரில் அமிழ்த்தி, இடையிலிருந்த அடைப்பைத் திறந்தார். காற்று பாய்ந்து பரவிற்று. நீரின் வெப்பநிலையில் அவர் மாற்றம் எதையும் காணவில்லை.

அப்படியானால் செலவிட்ட ஆற்றல் முழுவதும் வெப்பமாக வெளியேறிவிட்டது என்றுதானே பொருள்? ஆம். ஆனால் எவ்வளவு செலவிட்டோம் என்பது அமுக்கிய வழியைப் பொறுத்தது.

27 பாகை செல்சியசில் உள்ள காற்றை எட்டு மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டு செல்வோம். பிஸ்டன் மெல்ல நகர்ந்து, தோன்றும் வெப்பம் உடனுக்குடன் அகன்றால் அது வெப்பநிலை மாறா நிகழ்வு. மோலுக்குச் சுமார் 5,190 ஜூல் வேண்டும். வெப்பம் அகல நேரமின்றி விரைந்து அமுக்கினால் அது வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. காற்று 270 பாகை வரை சூடேறும், செலவும் 7,070 ஜூல் ஆகும். தொட்டியில் ஆறியபின் இரண்டும் ஒரே காற்றுதான். அதிகமாகக் கொடுத்த 1,880 ஜூலுக்கு ஈடாக நாம் பெற்றது ஒன்றுமில்லை.

உண்மைப் பொறி விரைந்து சுழல்வது. அது இரண்டாம் வழியை ஒட்டியே நடக்கும். சிலிண்டரைச் சுற்றிலும் மெல்லிய தகடுகள் வார்க்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெப்பத்தை விரட்டவே அமைந்தவை. இன்னும் நல்ல உபாயம், இரு படிகளில் அமுக்கி, நடுவே காற்றைக் குளிர்விப்பது. அப்போது செலவு சுமார் 6,040 ஜூல். ஏழில் ஒரு பங்கு மிச்சம். மாதந்தோறும் மின் கட்டணம் செலுத்தும் சிறுதொழிலருக்கு இது அற்பமன்று. காற்றை உறிஞ்சும் குழாய் உலையருகே 47 பாகைக் காற்றை இழுக்குமானால், அதே அளவு காற்றுக்குச் செலவு பதினைந்தில் ஒரு பங்கு கூடும். அக்குழாயை வெளியே நிழலில் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

வெப்பமெல்லாம் போய்விட்டதென்றால் தொட்டிக் காற்று எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அது விரிந்து பிஸ்டனைத் தள்ளும்போது தன் அக ஆற்றலையே செலவிட்டுக் குளிர்கிறது. பின் சுற்றுப்புறத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று ஈடுசெய்கிறது. காற்றுக் கருவியின் வெளிவாய் சில்லென்றிருப்பதன் காரணம் இதுவே. நாம் விலைகொடுத்து வாங்கியது ஆற்றலை அன்று; சுற்றுப்புற வெப்பத்தை வேலையாக மாற்றும் வாய்ப்பை. குழாய் இணைப்பில் உஸ்ஸென்று கசியும் காற்று அந்த வாய்ப்பைத்தான் இரவெல்லாம் வீணாக்குகிறது.