சோர்வைச் சோம்பல் என்று ஏசாதீர்கள்



“எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள்” என்று நம் வீடுகளில் எத்தனை பெண்களை ஏசியிருக்கிறோம்! உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கிச் சுரப்பு குறைந்தால் இந்தச் சோர்வு வரும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, தேநீருக்கு அரை மணி நேரமாவது பொறுப்போம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுவோம். அப்படியும் அசதி தீராவிட்டால் வைட்டமின் பி12, டி, இரும்புச் சத்து அளவுகளைப் பரிசோதிப்போம். ரமளானில் சஹருக்கு அரை மணி முன்போ, இரவு உண்டு 3 மணி கழித்தோ போடலாம். எது தோது என்று மருத்துவரிடம் முன்பே கேட்போம். நாமாக நிறுத்த வேண்டாம். அவர்களின் ஒரு வேளைச் சமையலையாவது நாம் ஏற்போம். அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக, ஆமீன்.