யாருடைய டம்ளர்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



பாதி டம்ளர் தண்ணீரைக் காட்டி, 'இது பாதி நிறைஞ்சிருக்கா, பாதி காலியா இருக்கா?' என்று கேட்பார்கள். வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். நிறைஞ்சிருக்கு என்றால் நம்பிக்கைவாதி. காலி என்றால் அவநம்பிக்கைவாதி. அதாவது குறை டம்ளரில் கிடையாது, பார்க்கிற உன் கண்ணில்தான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நான் வேறு கேட்கிறேன். அது எந்த டம்ளர்? கடைக்குள்ளே இருக்கிற டம்ளரா, வெளியே கூரையில் செருகி வைத்த தனி டம்ளரா? ஊற்றியது யார்? குடித்த பிறகு கழுவி வைக்க வேண்டியது யார்? சேரிக்காரனுக்குத் தனிக் குவளையில் விளிம்பு வரைக்கும் டீ ஊற்றிக் கொடுத்தாலும் அது அவமானம்தான். அளவைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களுக்கு இது புரியாது.

'இப்பல்லாம் எங்கங்க ரெட்டை டம்ளர்?' என்கிறார்கள். சில கடைகளில் தனி டம்ளர் போய் பேப்பர் கப் வந்திருக்கிறது. எல்லாருக்கும் பேப்பர் கப் கொடுத்தால் சரி. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், நமக்கு மட்டும் பேப்பர் கப் என்றால் அதற்குப் பெயர் சாதி.

சட்டத்தில் குறையில்லை. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் வருஷச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஓட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்குத் தர மறுத்தால் குற்றம் என்கிறது. ஆனால் சட்டம் தானாக வந்து டீ ஊற்றாது.

மகத் இதைத்தான் சொல்கிறது. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களுக்கும் திறந்துவிட வேண்டும் என்று பம்பாய் சட்டசபை 1923இலேயே தீர்மானம் போட்டுவிட்டது. ஆனாலும் சவுதார் குளத்தில் நம் ஜனங்களால் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அடி விழுந்தது. சாதி இந்துக்கள் சாணமும் மூத்திரமும் கலந்து குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். வழக்குப் போட்டார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937இல். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷ வழக்கு!

2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அந்தத் தொட்டியைக் காட்டி, நிறைஞ்சிருக்கா காலியா என்று யாராவது கேட்பார்களா?

நமக்குள்ளேயும் இந்த விவாதம் உண்டு. 'நாங்க பட்டதுல பாதிகூட நீங்க படல' என்கிறார்கள் பெரியவர்கள். 'ஒண்ணுமே மாறலண்ணே' என்கிறார்கள் தம்பிகள். பெரியவர்கள் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டால் கிடைத்தது போதும் என்று உட்கார்ந்துவிடுவோம். தம்பிகள் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டால், மகத்தில் அடி வாங்கியவர்களை, டீக்கடை பெஞ்சில் முதன்முதலாக உட்கார்ந்து உதை வாங்கியவர்களை இல்லை என்றாக்கிவிடுவோம்.

நாள் முழுக்க அறுத்த ஆளுக்குப் பாதிக் கூலி கொடுத்தால், அவர் கை பாதி நிறைஞ்சிருக்கா என்றா யோசிப்பார்? 'மீதி எங்கய்யா?' என்று கேட்பார். கையில் இருப்பது பாடுபட்டது. வராதது பாக்கி. பாக்கியைக் கேட்பவரை அவநம்பிக்கைவாதி என்று சொன்னால், சொல்கிறவர் யார் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகிறீர்கள். உங்கள் ஊர் டீக்கடையில் யாருக்கு எதில் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், நாலு பேராகப் போய் உள்ளே உட்கார்ந்து டீ கேளுங்கள். மறுத்தால் தேதி, நேரம், சாட்சியோடு எழுதிப் புகார் கொடுங்கள். திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவோம்.